பருப்பொருளின் நிலைகள்: குழந்தைகளுக்குக் கற்பித்தல்

திடம், திரவம், வாயு ஆகிய மூன்று நிலைகளையும் அவற்றின் பண்புகளையும் அறிமுகப்படுத்தும் தொடக்கநிலை அறிவியல் பாடம். திடப்பொருளுக்குத் தனி வடிவமும் பருமனும் உண்டு. திரவம் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அதன் பருமன் மாறாது. வாயு இடம் கிடைத்த அளவுக்குப் பரவும்.

வரையறை எளிது, சிக்கல் எடுத்துக்காட்டுகளில்தான். மணலையும் பொடியுப்பையும் ஊற்ற முடிவதால் அவற்றைத் திரவம் என்றே பல குழந்தைகள் நினைக்கிறார்கள். ஓர் உப்புத் துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டினால் அதன் கூரிய விளிம்புகள் தெரியும். கிண்ணத்தை மாற்றினாலும் அந்தத் துகளின் வடிவம் மாறாது. கொதிக்கும் நீரில் எழும் குமிழிகளைக் காற்று என்பதும் பரவலான எண்ணமே, அவை நீராவி.

திரவத்தின் பருமன் மாறாது என்பதும் குழந்தைகளுக்கு எளிதில் பிடிபடாது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, அகன்ற குவளையில் இருந்த நீரை ஒடுங்கிய, உயரமான குவளைக்கு மாற்றிக் காட்டினார். ஏறத்தாழ 7 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் நீர் கூடிவிட்டதாகச் சொன்னார்கள். அளவு மாறவில்லை என்பதைக் குழந்தையே திரும்ப ஊற்றிப் பார்ப்பது நல்லது.

நிலைமாற்றத்துக்குத் தேங்காய் எண்ணெய் கைக்கெட்டிய சான்று: சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும்.

மெழுகுவர்த்தியும் அத்தகைய சான்றுதான். அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றியே தொடர் உரையாற்றினார். சுடரை அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், தீ திரிக்குத் தாவும்; எரிவது மெழுகின் ஆவி. இதை ஆசிரியரே செய்துகாட்ட வேண்டும்.