சுண்டெலி காட்டிய வாசல்

"உனக்கு எவ்ளோக்கா?"

"முந்நூத்திப் பத்து. போன தபா எறநூறுகூட இல்ல."

பல ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் இரு பெண்கள் பேசிக்கொண்டது. கிரிவலத்தன்று பூ விற்ற கணக்கு என்றே நினைத்தேன். மூத்தவர் கையில் மருத்துவமனைச் சீட்டு இருந்தது. அது சிடி4 கணக்கு: ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் எத்தனை காவல் அணுக்கள்.

சிடி4 என்பது உதவி டி அணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி. நுண்ணோக்கியில் அந்த அணுவைத் தனியே அடையாளம் காண முடியாது. அதற்குச் சுண்டெலி வேண்டியிருந்தது. மனித அணுக்களை அதன் உடலில் செலுத்தினால் அது எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். அதன் மண்ணீரல் அணுவைப் புற்றணுவோடு இணைத்தால், ஒரே எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் அணுக்குலம் கிடைக்கும். மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்பது இதுதான். கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்ட வழி. 1979இல் அமெரிக்காவில் வெளியான ஓகேடி4 சிடி4ஐ மட்டும் பற்றிக்கொண்டது. (ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் பெண் எலிகளையே எடுக்கின்றன. ஒரே கூண்டில் அடைத்தாலும் அதிகம் சண்டை போடாதாம்!) இத்தகைய எதிர்ப்பொருளால் சிடி4ஐ மூடினால் எச்ஐவி அணுவுக்குள் நுழைய முடியவில்லை என்று 1984இல் லண்டனிலும் பாரிசிலும் கண்டார்கள்.

வைரஸின் வாசல் எதுவென்று அறிவியல் சொல்லிவிட்டது. நம் ஊரோ பெண்ணையே வாசல் என்றது.

1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளர்கள் 80 பேரின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது. நிர்மலாவின் துணிவை நான் குறைக்கவில்லை. ஆனால் எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. பின்னர் தொற்று உறுதியான பெண்களைக் காப்பகத்திலிருந்து வெளியே விடவும் மறுத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்களை யாரும் அடைத்துவைக்கவில்லை.

கணவரிடமிருந்து தொற்றுப் பெற்ற கௌசல்யா 1998இல் பாசிட்டிவ் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். 2004இல் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. அப்போது பெரும்பாலோருக்கு எண் 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. 2017இல்தான் எண் பார்க்காமல் எல்லோருக்கும் என்றானது.

நான் கேட்ட 310, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் சிடி4இல் ஒட்ட, கருவி எண்ணிச் சொன்ன கணக்கு.

"வூட்ல சொன்னியாக்கா, ஏறிடுச்சின்னு?"

"எறங்கினதே அவுங்களுக்குத் தெரியாதுடி."

போளூர் பேருந்து வந்தது. இருவரும் ஏறினார்கள்.