இரண்டாவது ஓட்டம்

சர்வர் பராமரிக்கும் எங்கள் தொழிலில் வெகுகாலம் புழங்கிய பேச்சு இது: "இன்னொரு தடவை ஓட்டிப் பாரு, சரியாயிடும்." புது சர்வரில், அதை அமைத்துத்தரும் பப்பெட் என்ற கருவியை முதல்முறை ஓட்டினால் பிழைகள் வரிசையாக வரும். மறுமுறை ஓட்டினால் ஒன்றும் வராது. எல்லோரும் நிம்மதியாக எழுந்து போய்விடுவார்கள். எனக்கு மட்டும் அந்த இரண்டாவது ஓட்டத்தின்மேல் என்றைக்கும் நம்பிக்கை வந்ததில்லை. முதல் ஓட்டம் தோற்றது என்றால், எது எதற்கு முன் நடக்க வேண்டும் என்பதை யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

இந்த வரிசைச் சிக்கலுக்கு வயது அதிகம். 1993-ல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் சிஎஃப்எஞ்சின் என்ற சர்வர் அமைப்புக் கருவியை எழுதினார். சர்வர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், கருவி திரும்பத் திரும்பச் சரிபார்த்து அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும் என்பது அவர் கொள்கை. சிஎஃப்எஞ்சினின் மூன்றாம் பதிப்பு ஒரே ஓட்டத்துக்குள் ஒவ்வொரு தொகுப்பையும் மூன்று முறை வரை சுற்றிவரும். முதல் சுற்றில் முடியாதது அடுத்த சுற்றில் முடியும். இதை மறுத்தவர்களும் இருந்தார்கள். 2002-ல் சர்வர் நிர்வாகிகளின் லிசா மாநாட்டில் ஸ்டீவ் டிராகாட்டும் லான்ஸ் பிரவுனும் படித்த கட்டுரை, வரிசைதான் முக்கியம், எல்லா சர்வர்களிலும் மாற்றங்களை ஒரே வரிசையில் செய்யுங்கள் என்று வாதிட்டது.

2005-ல் பப்பெட்டைத் தொடங்கிய லூக் கேனிஸ், சிஎஃப்எஞ்சினில் பழகியவர். பப்பெட்டில் கோப்பு, பேக்கேஜ், சர்வீஸ், பயனர் எல்லாம் தனித்தனி ரிசோர்ஸ். எது எதைச் சார்ந்தது என்பதை நாம் சொல்ல வேண்டும். எழுதிய வரிசைக்கு அப்போது மதிப்பில்லை. சொல்லாமலே விளங்கும் சில உறவுகளைப் பப்பெட் தானே சேர்த்துக்கொள்ளும். அதற்கு ஆட்டோரிக்வையர் என்று பெயர். ஒரு கோப்பைக் கேட்டால், அதன் தாய் டைரக்டரியும் உரிமையாளரான பயனரும் அதே பட்டியலில் இருக்கும்பட்சத்தில் அவற்றை முதலில் செய்யும். நாம் வெளிப்படையாக எழுதிய உறவு அதற்கு நேரெதிராக இருந்தால், தன் ஊகத்தைக் கைவிட்டுவிடும். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அதன் பார்வைக்கு எல்லை உண்டு. உபுண்டுவில் அப்பாச்சிக்கு ஒரு தளக் கோப்பு வைக்கிறோம். அது போகவேண்டிய டைரக்டரியை உருவாக்குவது அப்பாச்சி பேக்கேஜ். எந்தப் பேக்கேஜுக்குள் எந்த டைரக்டரி இருக்கிறது என்பது பப்பெட்டுக்குத் தெரியாது. அந்தச் சார்பைச் சொல்லும் ரிக்வையரை நாம் எழுதவில்லை என்றால் கோப்பு முந்திக்கொள்ளலாம். டைரக்டரி இல்லை என்று பிழை வரும். பேக்கேஜ் பின்னால் ஏறிவிடுவதால் இரண்டாவது ஓட்டத்தில் பிழை மறைந்துவிடும்.

2011-ல் வந்த பப்பெட் 2.7 பதிப்பு, உறவில்லாத ரிசோர்ஸ்களின் வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறாதபடி செய்தது. 3.3-ல் வரிசையை நாமே தேர்ந்துகொள்ள ஒரு அமைப்பு வந்தது. 2015-ல் பப்பெட் 4, மேனிஃபெஸ்டில், அதாவது ரிசோர்ஸ்களை நாம் எழுதிவைக்கும் கோப்பில், எழுதிய வரிசையையே இயல்பாக்கியது. இதே வேலைக்கான மற்றக் கருவிகளான ஷெஃபும் ஆன்சிபிளும் முதலிலிருந்தே எழுதிய வரிசையில்தான் நடந்தன. பழகுவதற்கு அது எளிது. ஆனாலும் பப்பெட் 4-ன் முடிவில் ஒரு இழப்பு இருக்கிறது என்பேன். எழுத மறந்த உறவு முன்பு முதல் ஓட்டத்திலேயே அம்பலமாக வாய்ப்பிருந்தது. இப்போது யாராவது நாலு வரியை வேறு கிளாஸுக்கு மாற்றும்வரை அது வெளியே தெரியாது.

2016-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் அர்ஜுன் குஹாவின் குழு ரிஹர்சல் என்ற கருவியை வெளியிட்டது. ஒரு மேனிஃபெஸ்ட் அனுமதிக்கும் எந்த வரிசையில் ஓட்டினாலும் சர்வர் ஒரே நிலையில்தான் முடியுமா என்று அது கணக்கிட்டுப் பார்க்கும். நடைமுறையில் இருந்த மேனிஃபெஸ்டுகளிலேயே விடுபட்ட உறவுகளை அது கண்டுபிடித்தது.

இந்த வேலையில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மேனிஃபெஸ்டை ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் சோதிக்காதீர்கள். ஒன்றுமே ஏற்றாத புது சர்வரில் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். பிழை வந்தால் மறுபடி ஓட்டாமல், விடுபட்ட ரிக்வையரைத் தேடி எழுதுங்கள்.