தகுதிகாண் பருவமும் நோயும்: பணிப் பாதுகாப்பின் வரலாறு

தகுதிகாண் பருவம் என்பது புதிதாகப் பணியில் சேர்ந்தவர் அப்பணிக்கு ஏற்றவர்தானா என்று நியமித்தவர் பார்த்து முடிவு செய்யும் காலம் ஆகும். இக்காலத்தில் நோய்வாய்ப்படுபவருக்கு இரட்டைச் சிக்கல் ஏற்படுகிறது. உடல் நலிவதால் வேலையின் அளவு குறைகிறது. குறைந்த அந்த வேலையை வைத்தே மேலதிகாரி அறிக்கை எழுதுகிறார். விழுப்புரத்தில் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்பவருக்கும், திண்டிவனத்தில் கடையிலோ தொழிற்சாலையிலோ சேர்பவருக்கும் இந்தச் சிக்கல் ஒன்றே. ஆனால் அவர்களுக்கான சட்டப் பாதுகாப்பு வெவ்வேறு வழிகளில் வளர்ந்தது.

அரசுப் பணி

தமிழ்நாடு அரசுப் பணியில் நேரடியாக நியமிக்கப்படுபவர் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து தகுதிகாண் பருவத்தை முடிக்க வேண்டும். விடுப்பில் கழிந்த நாட்கள் பணிபுரிந்த நாட்களாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே நீண்ட மருத்துவ விடுப்பு எடுப்பவருக்கு இப்பருவம் தள்ளிப்போகிறது.

பருவம் முடியும் முன் ஒருவரை விடுவிக்கலாமா என்ற கேள்வி பலமுறை உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. தகுதிகாண் பருவத்தினருக்குப் பதவியில் நிலையான உரிமை இல்லை என்றாலும், தண்டனையாக நீக்கினால் அரசியலமைப்பின் 311ஆம் உறுப்பின்படி விசாரணை வேண்டும் என்று 1957இல் புருஷோத்தம் லால் திங்ரா வழக்கில் நீதிமன்றம் கூறியது. ஆணையின் சொற்களை மட்டும் பாராமல் அதன் உண்மைத் தன்மையைப் பார்க்க வேண்டும் என்று 1974இல் சம்சேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

1984இல் வந்த அனூப் ஜெய்ஸ்வால் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஐதராபாத் காவல்துறை அகாதமியில் பயிற்சி பெற்ற இவர், பயிற்சியாளர்கள் உடற்பயிற்சிக்குத் தாமதமாக வந்த நிகழ்வுக்குக் காரணமானவர் எனக் கருதப்பட்டு விடுவிக்கப்பட்டார். ஆணையில் அந்தக் காரணம் இல்லை. நீதிமன்றம் அதன் பின்னணியை ஆராய்ந்து அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது.

மேலதிகாரியின் கடமையை 1989இல் மருத்துவர் சுமதி ஷெரே வழக்கு தெளிவாக்கியது. தற்காலிகப் பணியில் இருப்பவரிடமும் குறைகளை உரிய காலத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தனியார் பணி

311ஆம் உறுப்பு அரசு ஊழியர்களுக்கு மட்டுமே உரியது. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. தொடர்ந்து ஆறு மாதம் பணிபுரிந்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்கக்கூடாது என்று அதன் 41ஆம் பிரிவு கூறியது. ஆறு மாதம் நிறைவடையாதவருக்கு இப்பாதுகாப்பு இல்லை.

தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு 1981இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் விதி. நோயால் இடையில் வேலை தடைபட்டாலும் பணித்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படாது.

காப்பீடும் அதன் இடைவெளியும்

நோய்க்கால வருமானத்துக்கு வழிசெய்தது 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். நோய்க்கால உதவித்தொகையாக ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை வழங்கப்பட்டது. இத்தொகை பெறும் காலத்தில் ஒருவரைப் பணிநீக்கம் செய்வதை 73ஆம் பிரிவு தடுத்தது. சிகிச்சையில் இருப்பவருக்கும் விதிமுறைகளுக்கு உட்பட்டு இத்தடை பொருந்தியது.

ஆனால் முதன்முறையாகக் காப்பீட்டில் சேர்பவருக்கு மருத்துவ வசதி முதல் நாளிலிருந்தே கிடைத்தாலும், உதவித்தொகைக்கான காலம் ஒன்பது மாதங்கள் கழித்தே தொடங்கியது. ஆறு மாதத் தகுதிகாண் பருவம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. வேலை உறுதியாகாத அந்த மாதங்களில்தான் நோய்க்கால வருமானமும் இல்லை.

ஆவணங்களின் இடம்

இச்சட்டங்களில் எதுவும் மேலதிகாரியின் நல்லெண்ணத்தை நம்பி எழுதப்பட்டதன்று. சிகிச்சை பெற்றதற்கான மருத்துவச் சான்று, எழுத்தில் கொடுத்த விடுப்பு விண்ணப்பம், குறைகளைச் சுட்டிய கடிதம், அதற்கு அளித்த பதில் ஆகியவையே ஒரு ஆணையின் உண்மைக் காரணத்தைப் பின்னர் வெளிக்கொண்டு வருகின்றன. வாய்மொழியாகச் சொல்லி எடுத்த விடுப்பு, பின்னாளில் அனுமதியின்றி வராத நாளாகப் பதிவேட்டில் நின்றுவிடக்கூடும்.