குடியாத்தம் தந்த கொத்துக்கடலை

கந்தர்வக்கோட்டைச் செம்மண்ணில் கொத்துக்கடலைச் செடியைத் தூரோடு பிடித்து இழுத்தால் காய்கள் அடித்தூரிலேயே கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். கொடிக்கடலை அப்படியல்ல, படர்ந்த கொடி நெடுகக் காய்ப்பதால் கொத்திக் கிளறித்தான் பொறுக்க வேண்டும். இந்தக் கொத்து இனத்தில் நீண்ட காலம் கோலோச்சிய டி.எம்.வி. 2, திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்டது. அதை நிலையம் உருவாக்கிய ரகம் என்பதைவிட, குடியாத்தம் உழவர்களின் ரகம் என்பதே நியாயம். குடியாத்தம் கொத்து என்று வழங்கிய நாட்டுக்கடலையில் நல்ல செடிகளைப் பொறுக்கி, விதையை ஒன்றுசேர்த்துப் பெருக்கியதுதான் அது. 105 நாள் வயது, பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் ஆகிய குணங்களின் வேர் அந்த மானாவாரிக் காடுகளில் இருந்தது.

கடலையைப் பரப்பியது ரகமல்ல, எண்ணெய் விலைதான் என்று சொல்வார்கள். பாதி உண்மை. புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் ஆலைகளுக்குத் தென்னார்க்காட்டுக் கடலை கப்பலேறியது 19-ஆம் நூற்றாண்டிலேயே. அப்போது திண்டிவனத்தில் ஆராய்ச்சியே கிடையாது. ஆனால் எந்தக் கடலையை விதைப்பது என்பதை விலை மட்டும் தீர்மானிக்கவில்லை. அதே 1940-இல் மேற்கு ஆப்பிரிக்க சலூம் கடலையிலிருந்து தேர்ந்த டி.எம்.வி. 1 என்ற கொடி ரகமும் வந்தது. எண்ணெய் அதிலும் உண்டு. வயதுதான் ஒரு மாதம் கூடுதல். ஆடிக்கு முன்னே விதைத்து, ஐப்பசி அடைமழைக்குள் காயைக் கரையேற்ற நினைப்பவருக்கு அந்த ஒரு மாதம் பெரிது.

இன்னொரு மறுப்பு கனமானது. டி.எம்.வி. 2-க்கு விதை உறக்கம் இல்லை. முற்றிய காய் மண்ணில் இருக்கும்போது மழை பிடித்தால் அங்கேயே முளைத்துவிடும், உழைப்பெல்லாம் வீண். இவ்வளவு பெரிய குறையை ஏன் நீக்கவில்லை? பொறுக்கி எடுப்பதால் இருப்பதைத் தேற்றலாம், இல்லாததைக் கொண்டுவர முடியாது. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியில் இங்கிலாந்தின் வை கல்லூரியைச் சேர்ந்த சால்மன் போன வழி வேறு. கனடாவின் மனிடோபாக் காட்டுக்கொடியின் விதையிலிருந்து 1919-இல் எழுந்த நாற்றைத் தேர்ந்து, 1934-இல் ப்ரூவர்ஸ் கோல்டு என்று வெளியிட்டார். உள்ளூர்க் கொடியில் இல்லாத வீரியம் வெளியிலிருந்து வந்தது. கடலையிலும் பிற்காலத்தில் ஒட்டுக்கட்டிக் கலந்த பிறகே, அறுவடை நாளில் சிறிது உறங்கும் கொத்து ரகங்கள் கிடைத்தன. குடியாத்தம் கொத்தில் அந்த உறக்கம் இருந்திருந்தால் திண்டிவனத்தார் விட்டிருக்க மாட்டார்கள்.