மூணு லைசென்ஸ், ஒரு குட்டி விமானம்

"இதெல்லாம் தல ஆரம்பிச்சு வெச்சதுதானே சார்?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். குமாரபாளையம் பக்கம், தண்ணி வத்திப்போன ஒரு ஏரி. கையில் தெர்மாகோலில் செஞ்ச நாலடி இறக்கை விமானம், கழுத்தில் ரிமோட். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர், அரைக் கிலோ தெர்மாகோல் எம்மாத்திரம். காத்து கொஞ்சம் அடங்கட்டும்னு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி.

நடிகர் அஜித் குமார் ரேடியோ விமானப் பிரியர் என்பது ஊரறிஞ்ச விஷயம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் கதை அவருக்கு ரொம்ப முந்தியது. நம்ம சமவெளிக்கு அது ஏன் இவ்வளவு தாமதமா வந்தது என்பதைத்தான் நான் கொஞ்ச நாளா நோண்டிக்கிட்டிருக்கேன். விமானம் செய்யத் தெரியாததால் இல்லை. காரணம் வேற மூணு: ரேடியோ, சாராயம், வானம்.

முதலில் விமானம். 1910ல் சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரர் தனக்கு ஒரு விமானம் செய்யச் சொல்லிக் கொடுத்தார். செஞ்சு கொடுத்தது சிம்சன் கம்பெனி. அப்போ அவர்கள் வேலை வண்டிக்குக் கூண்டு கட்டுவது. நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற மாதிரி என்று வெச்சுக்குங்க. விமானம் பல்லாவரத்தில் மேலே எழும்பியது. ஆளை ஏத்திக்கிட்டுப் பறப்பதையே வண்டிப் பட்டறையில் செய்ய முடிஞ்சதுன்னா, ஆளில்லாத குட்டி விமானம் ஒரு பெரிய விஷயமே இல்லை. கஷ்டம் எல்லாம், கையை விட்டுப் போன பிறகு அதைத் திருப்புவதில்தான்.

அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தவர்கள் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், கலமசூ ஊர். வருஷம் 1937. ஒருத்தர் விமானத்தைப் பார்த்துக்கொண்டார், இன்னொருத்தர் ரேடியோவை. 'கஃப்' என்று பேர் வெச்ச அந்த விமானம் இப்போ வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கு. அந்தத் தலைமுறை ரேடியோக்களின் வித்தையைக் கேட்டால் இன்றைய பையன்கள் சிரிப்பார்கள். முறுக்கின ரப்பர் பேண்டுதான் வாலைத் திருப்பும். ரேடியோவுக்கு வேலை, அந்த ரப்பரை ஒரு பல் அவிழ்த்துவிடுவது மட்டும். பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் வலது, விட்டால் நேர், மறுபடி அமுக்கினால் இடது. போன தடவை எந்தப் பக்கம் திருப்பினோம்னு மறந்தீங்களோ, விமானம் மரத்தில்தான்.

இந்த 1937 என்ற வருஷத்தை ஞாபகம் வெச்சுக்குங்க. திரும்ப வரும்.

இந்தியாவில் அப்போ நிலைமை என்ன? 1933லேயே வயர்லெஸ் தந்திச் சட்டம் வந்தாச்சு. அனுமதி இல்லாமல் வயர்லெஸ் கருவி கையில் இருந்தாலே குத்தம். பாட்டு கேட்கிற ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கின காலம் 1980கள் வரை நீடிச்சது. வீட்டில் பழைய புத்தகம் கிடந்தால் எடுத்துப் பாருங்க. சிக்னல் வாங்குகிற பெட்டிக்கே இந்தப் பாடு என்றால், சிக்னல் அனுப்புகிற பெட்டியை யார் சும்மா விடுவார்கள்?

அதனால் ரேடியோ இல்லாத ஒரு வழியில்தான் நம்ம ஆட்கள் விமானம் விட்டார்கள். கம்பி. அமெரிக்காவின் ஜிம் வாக்கர் 1940 வாக்கில் பிரபலப்படுத்தின முறை. ஐம்பது அறுபது அடி நீளத்தில் இரண்டு மெல்லிசு எஃகுக் கம்பி, மறுமுனை கையில் ஒரு கைப்பிடி. நடுவில் நிக்கிறவரைச் சுத்திச் சுத்தி விமானம் பறக்கும், செக்கு மாடு மாதிரி. கைப்பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். நிக்கிறவருக்குத் தலை சுத்தும், அது வேற. 1948ல் என்சிசி வந்து, 1950ல் அதில் விமானப் பிரிவு சேர்ந்தபோது மாதிரி விமானக் கலையும் பாடத்தில் வந்தது, இன்றைக்கும் இருக்கு. கல்கத்தாவில் இந்தியாஸ் ஹாபி சென்டர், அரோரா என்ற பேரில் குட்டி இன்ஜின்களைச் செஞ்சு விற்றது. சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பையன் ஒரு பறக்கும் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க அதுதான் வாசல்.

அந்தக் குட்டி இன்ஜினுக்குள் போனால்தான் நம்ம ஊர் வருது. டீசல் என்று பேர், ஆனால் பங்க் டீசல் இல்லை. ஈத்தர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு வீதம். குழந்தைக்கு வயிறு சுத்தம் பண்ணக் கொடுக்கிற அதே விளக்கெண்ணெய்தான். கடலைக் காட்டு வரப்போரத்தில் நிக்கிற கொட்டமுத்து. சேலம் மாவட்டத்தில் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒரு ஆராய்ச்சி நிலையமே இருக்கு. இந்த மண்ணுக்கு அது அவ்வளவு சொந்தப் பயிர்.

ஆமணக்கு எண்ணெய் விமானத்துக்குள் போனதே ஒரு தனிக் கதை. முதல் உலகப்போர் விமானங்கள் பலவற்றில் இன்ஜினே பம்பரம் மாதிரி சுத்தும். பெட்ரோலும் காத்தும் கலந்த ஆவி இன்ஜினின் வயிற்றுக்குள் புகுந்துதான் சிலிண்டருக்குப் போகும். சாதா எண்ணெய் ஊத்தினால் பெட்ரோல் அதைக் கரைச்சுக் கழுவிவிடும். ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது, சூட்டுக்கும் தாங்கும். அதனால் அதையே ஊத்தினார்கள், எரிஞ்சது போக மிச்சம் விமானியின் மூஞ்சியில் தெறிச்சது. அதை முழுங்கி முழுங்கி விமானிகளுக்கு வயிறு போச்சு என்பது அந்தக் காலத்துப் பிரபலக் கதை. காஸ்ட்ரால் என்ற பேரே ஆமணக்கின் இங்கிலீஷ் பேரிலிருந்து வந்ததுதான்.

குட்டி இன்ஜினில் இந்தக் குணம் தலைகீழாக உதவியது. 1947ல் அமெரிக்காவின் ரே ஆர்டன் குளோ பிளக்கைக் கொண்டுவந்தார். பிளாட்டினம் கம்பிச்சுருள் ஒன்று. முதலில் பேட்டரியால் சூடாக்கினால் போதும், பிறகு மெத்தனால் ஆவி பட்டுப் பட்டுத் தானே கனன்றுகொண்டிருக்கும். தீப்பொறிக் கருவி எதுவும் வேண்டாம் என்பதால் எடை குறைஞ்சது. ஆனால் மெத்தனாலில் சாதா மோட்டார் எண்ணெய் கலக்காது. ஆமணக்கு எண்ணெய் கலக்கும். பெட்ரோலோடு ஒட்டாத அதே எண்ணெய் சாராய வகையோடு உறவாடும். சுருங்கச் சொன்னால், அந்த இன்ஜின் குடிக்கிற நூறு மில்லியில் இருபது மில்லி நம்ம வரப்போரச் செடி.

மிச்சம் எண்பதில்தான் இரண்டாவது லைசென்ஸ்.

இப்போ 1937க்குத் திரும்புவோம். கலமசூவில் கஃப் பறந்த அதே வருஷம், அக்டோபர் 1ம் தேதி, ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். மாகாணம் முழுக்க இல்லை, முதலில் ஒரே ஒரு மாவட்டம், சேலம். அவர் வக்கீல் தொழில் பார்த்த ஊர். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். அந்த மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில்தான் பிறகு 1959ல் மெத்தில் ஆல்கஹாலுக்கான விதிகள் வந்தன. மெத்தனால் வெச்சிருக்க, வாங்க, விற்க எல்லாத்துக்கும் உரிமம். பொழுதுபோக்குக்கு விமானம் விடுகிறவன் அரை லிட்டர் மெத்தனாலுக்கு எங்கே போவான்?

எனக்கு முதலில் இது எரிச்சலாகத்தான் இருந்தது. குட்டி விமானத்துக்கு எண்ணெய் கலக்குறவனையும் சாராயம் காய்ச்சுறவனையும் ஒரே தராசில் வைக்கிறாங்களே என்று. 2024 ஜூனில் சேலத்துக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சியில், மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலரைச் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதுக்கப்புறம் அந்த எரிச்சலைப் பத்தி நான் வாய் திறப்பதில்லை. விதி இருந்தும் அது நடந்தது என்பது வேற கேள்வி.

இந்த இரண்டு பூட்டையும் உடைச்சது நம்ம போராட்டம் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நமக்குக் கிடைச்ச சாப்பாடு மாதிரி, வைஃபைக்காகவும் செல்போனுக்காகவும் நடந்த மாற்றங்கள். 2005ல் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதிச்சது. அதே சமயத்தில்தான் விமான ரிமோட்டுகளும் உலகம் பூரா அந்த அலைவரிசைக்கு மாறின. பழைய ரிமோட்டில் ஒரே சேனலில் இரண்டு பேர் ஆன் பண்ணினால் ஒரு விமானமாவது விழும். புதுசில் அந்தத் தொல்லை போச்சு. கூடவே லிப்போ பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிவாயின. மெத்தனால் வேண்டாம், ஈத்தர் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம்.

ரேடியோ சரி, எரிபொருள் சரி என்று நிமிர்ந்து பார்த்தால் வானத்தைப் பூட்டினார்கள். 2014 அக்டோபர் 7ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு அறிவிப்பு போட்டது: விதிகள் வரும்வரை அரசு சாராத யாரும், எதுக்காகவும், ஆளில்லா விமானம் விடக்கூடாது. கேமரா வெச்ச ட்ரோனை நினைச்சுப் போட்ட அறிவிப்பு, தெர்மாகோல் விமானத்தின் தலையிலும் விழுந்தது.

அஜித் கதை இந்த இடத்தில்தான் வருது. குரோம்பேட்டை எம்ஐடி 1949ல் தொடங்கின கல்லூரி, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிச்ச இடம். அங்கே பேராசிரியர் செந்தில்குமார் வழிகாட்டுதலில் தக்‌ஷா என்ற மாணவர் குழு. 2018ல் அஜித் அதுக்கு ஆலோசகர் ஆனார். அந்தச் செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டி. எங்கோ மாட்டிக்கிட்ட நோயாளியிடம் தானாகவே போய் இறங்கி, ரத்த மாதிரியை வாங்கிட்டு வரணும். தக்‌ஷா இரண்டாம் இடம். அந்தச் செய்திக்கு அப்புறம்தான் நம்ம ஊர் அப்பா அம்மாக்களுக்கு இது விளையாட்டுச் சாமான் இல்லை என்று புரிஞ்சது. அந்த வகையில் பையன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கு.

2018 டிசம்பரில் முதல் விதிகள் அமலுக்கு வந்தன. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் மூச்சு விட வெச்சது. கண்ணுக்கெட்டின தூரத்தில், பொழுதுபோக்குக்கோ ஆராய்ச்சிக்கோ விடுகிற மாதிரி விமானம் என்று தனியாக ஒரு வகை. அதுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. இரண்டு கிலோ வரை, வியாபாரம் இல்லை என்றால், பைலட் லைசென்ஸும் வேண்டாம். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி கேட்க வேண்டாம். ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கிற சேலம் விமான நிலையத்தைச் சுத்தி மட்டும் தள்ளி நிக்கணும். 1993ல் திறந்த நிலையம் அது. நடுவில் 2011லிருந்து 2018 வரை அங்கே பயணிகள் விமானமே வரலை என்பது ஒரு வேடிக்கை.

2022 பிப்ரவரியில் முழுசாகச் செஞ்ச வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை பண்ணினார்கள். உதிரி பாகத்துக்குத் தடை இல்லை. அதனால் பையன்கள் மறுபடி செய்யத் தொடங்கியிருக்காங்க. இவன் விமானத்தில் மோட்டாரும் ரிமோட்டும் வெளிநாடு. இறக்கை, டிவி பெட்டிக்குள் வந்த தெர்மாகோல், வில் மாதிரி ஒரு குச்சியில் நைக்ரோம் கம்பி கட்டி, சூடாக்கி அறுத்தது.

காத்து அடங்கினதும் கையால் வீசிவிட்டான். ஒரு சுத்து, இரண்டு சுத்து, மூணாவதில் ஏரிக்கரை தாண்டிக் கடலைக் காட்டில் போய் உட்கார்ந்தது. எடுக்கப் போன இடத்தில் வரப்போரம் கொட்டமுத்துச் செடி, காயோடு. அவன்கிட்ட காட்டி, "ஒரு காலத்துல இதுல ஓடின விமானம்லாம் இருந்துச்சுப்பா" என்றேன். அவன் நம்பலை. போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சுட்டான்.