21,000 டாலரும் ஒரு மலைப் புல்வெளியும்

2000-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஈக்வடாருக்குப் போதாத காலம். முந்தைய ஆண்டே வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்து, மக்களின் சேமிப்பை அரசு முடக்கியிருந்தது. ஜனவரி 9 அன்று அதிபர் ஹமீல் மவாத், சொந்த நாணயமான சூக்ரேயைக் கைவிட்டு டாலருக்கு மாறப்போவதாக அறிவித்தார். 21-ஆம் தேதி அவரையே பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதே மாதம், தலைநகர் கித்தோவில் 80 ஆண்டுகளுக்கான ஓர் அறக்கட்டளை பதிவானது. ஃபோனாக் என்ற நீர்ப் பாதுகாப்பு நிதியம் அது. முதல்: குடிநீர் நிறுவனம் 20,000 டாலர், நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு 1,000 டாலர். போட்ட பணம் வங்கியிலிருந்து திரும்புமா என்றே தெரியாத ஊரில் 80 ஆண்டுக் கணக்கு!

கித்தோ இருப்பது கிட்டத்தட்ட 2,850 மீட்டர் உயரத்தில். அதற்குத் தண்ணீர் வருவது இன்னும் மேலே, ஆன்டிசானா, கயாம்பே சிகரங்களைச் சுற்றியுள்ள பாரமோ என்னும் ஈரப் புல்வெளிகளிலிருந்து. அங்குள்ள எரிமலை மண் பஞ்சு மாதிரி. மழையையும் மூடுபனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு வருடம் முழுக்கக் கசியவிடும். மாடும் ஆடும் மிதித்தால், இளம்புல்லுக்காகத் தீ வைத்தால், அந்தப் பஞ்சு இறுகிப்போகும். மலைமுதுகுக்கு அந்தப் பக்கம், அமேசான் சரிவிலிருந்துகூட நகரம் தண்ணீரை ஏற்றிக் கொண்டுவந்தது. அதற்கான குழாய்க்கும் பம்புக்கும் பட்ஜெட்டில் இடம் இருந்தது. புல்லுக்கு இல்லை. மென்பொருள் வேலையில் இருக்கும் எனக்கு இது பழகிய கதைதான்: புதிதாகக் கட்டப் பணம் கிடைக்கும், பராமரிக்கக் கிடைக்காது.

ஃபோனாக்கின் யோசனை எளிமையானது. அதிகம் எடுப்பவர் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கட்டும். குடிநீர் நிறுவனம் தண்ணீர் விற்ற பணத்தில் 1 சதவீதம் தரும். நீர்மின் நிலையங்கள் நடத்தும் நகர மின் நிறுவனம் வருடத்துக்கு 45,000 டாலர், ஒரு பீர் ஆலை 6,000 டாலர் என்று மற்றவர்களும் சேர்ந்தார்கள். முதலைத் தொடக்கூடாது, விளைச்சலை மட்டுமே செலவழிக்கலாம் என்பதுதான் தொடக்க காலத்து விதி. நமக்கு இது புதிதல்ல. சோழர் காலத்தில் கோயில் நந்தாவிளக்குக்கு 96 ஆடுகளை விட்டு, ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு சாகும், குட்டி பிறக்கும், கணக்கில் 96 குறையாது, விளக்குக்கு நெய் வந்துகொண்டே இருக்கும்.

பத்தாண்டு சொச்சத்தில் முதல் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. மலையில் காவலர்கள் வந்தார்கள், நாட்டு மரங்கள் நடப்பட்டன, மேய்ச்சலைக் குறைக்க மலைக்கிராமங்களோடு ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. லீமா, பொகோட்டா போன்ற நகரங்களும் இதைப் பார்த்துத் தங்கள் நிதியங்களைத் தொடங்கின.

ஆனால் இந்தக் கதையை நல்லெண்ணத்தின் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. தனியார் கொடுத்தது அவர்களாக விரும்பிக் கொடுத்தது. பெரும்பங்கு குடிநீர் நிறுவனத்திடமிருந்தே வந்தது. 2007-இல் நகராட்சி அந்தப் பங்கைச் சட்டமாக்கி, படிப்படியாக 2 சதவீதத்துக்கு உயர்த்த வழி செய்தது. நிதியம் நிலைத்தது அதற்குப் பிறகுதான். மேயர் மாறினாலும் நிற்காத பணம் அது. அந்தப் பணம் கடைசியில் வீட்டுக் குழாய் பில்லிலிருந்துதான் போகிறது. அதே மலைநீரில் பாசனம் செய்யும் பண்ணைகளிடம் இப்படி ஒரு கட்டாயப் பங்கு கேட்கப்படவில்லை.

பெரிய பயனாளியிடம் வாங்குவது என்று தொடங்கிய ஏற்பாட்டில், பெரியவர்களில் யார் சட்டப்படி தருகிறார், யார் மனமிருந்தால் தருகிறார் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. எந்த ஊரில் இதுமாதிரி நிதியம் ஒன்றை அறிவித்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான்.