காரை ஓடுகளில் ஒரு பழங்கடலின் வெப்பம்

காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதிக் கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம், ஜினகாஞ்சி என்னும் பெயரோடு தன் வரலாற்றைக் கல்வெட்டிலும் ஓவியத்திலும் பேணிவரும் ஊர். எனினும் அவ்வட்டாரத்தின் மிகப் பழைய ஆவணம் வடகிழக்கே, திருப்பெரும்புதூர்ப் படிவுகளில் உள்ளது. அங்கே இலைப் பதிவுகளோடு கடலுயிர்களின் எச்சங்களும் கிடைப்பதால், கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில், அதாவது 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், கடல் தொண்டை மண்டலத்துக்குள் ஏறி வந்திருந்தது தெளிவாகிறது. அப்பழங்கடலின் வெப்பத்தை அறிய வேண்டுமாயின், ஓடுகள் செறிந்த பெரம்பலூர், அரியலூர் நிலத்தையே நாட வேண்டும்.

புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கே, கன்லிஃப் ஆகியோர் திரட்டிய ஓடுகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். பிளான்ஃபோர்டு 1862-இல் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுக்க, ஸ்டோலிச்கா அடுத்த பத்தாண்டுகளில் அவற்றின் உயிரினங்களைப் பெருநூல்களில் வகைப்படுத்தினார். அவர்களுடைய உழைப்பு அளப்பரியது. ஆயினும் அவர்கள் தேடியது ஓட்டின் உருவத்தையும் காலத்தையுமே.

ஓட்டின் வேதிப்பொருளே சான்றாகும் என்பதை 1947-இல் ஹாரல்டு யூரி எடுத்துக்காட்டினார். ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவை 16 என்னும் நிறையெண்ணும், ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு மட்டும் 18 என்னும் நிறையெண்ணும் உடையவை. நீர் குளிர்ந்திருக்கையில் உயிரி தன் ஓட்டில் கனமான அணுக்களைச் சற்று மிகுதியாகச் சேர்த்துக்கொள்வதால், அவ்விகிதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் வெப்ப மாற்றத்தைக் காட்டும். பனியூழிகளில் பனிப்பாளங்கள் இலேசான ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக் கடல்நீரையே கனமாக்கிக் கணக்கைக் குழப்புவதுண்டு. கிரிட்டேசியஸ் காலத்தில் பனி மிகக் குறைவு என்பதால் இங்கு அந்த ஐயம் பெரிதன்று.

இம்முறைக்கு ஏற்றது, கணவாயின் தொல்லுறவான பெலம்னைட்டின் கூரிய உள்ளோடு. காரை என்னும் ஊரின் அரிக்கப்பட்ட களிமண் நிலத்தில் இது ஏராளமாகக் கிடைக்கிறது. ஆனால் புதையுண்ட பின் ஊறிய நீர் ஓட்டை மறுபடிகமாக்கியிருந்தால், கிடைக்கும் எண் கடலுடையதன்று. ஆகவே அளவீட்டைவிட, மாறாத ஓட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுமையே இவ்வாய்வின் உயிர்நாடி எனலாம். சகாரோவ், நாகேந்திரா உள்ளிட்டோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, காரைக் கடலுக்கு ஏறத்தாழ 14 முதல் 18.5 பாகை செல்சியஸ் வரை கணித்தது. இன்றைய வங்கக் கடலின் மேற்பரப்பைவிட இது வெகு குளிர்ச்சி. அந்நாளில் இந்தியா மகரரேகைக்கும் தெற்கே நெடுந்தொலைவில் இருந்தது என்பதையும், பெலம்னைட்டுகள் மேற்பரப்புக்குக் கீழேயும் வாழ்ந்தன என்பதையும் நினைவிற்கொண்டே இவ்வெண்களைப் படிக்க வேண்டும்.